மரத்தில் ஒரு டார்ச்: உளியும் ரம்பமும் போதும்

வீட்டு மூலையில் கிடக்கும் பழைய டார்ச் லைட்டின் பின்மூடியைத் திருகித் திறந்து பாருங்கள். பல வீடுகளில் ஒரே காட்சிதான். உள்ளே பேட்டரிக் கட்டை உப்பிப் போய், வெள்ளையாகப் பூத்து, தகரக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கவிழ்த்துத் தட்டினாலும் வராது. பல்பு நன்றாக இருக்கும், கண்ணாடியும் நன்றாக இருக்கும். ஆனாலும் டார்ச் குப்பைக்குத்தான் போகும். இப்போது வரும் பிளாஸ்டிக் டார்ச்சுகள் இன்னொரு வகை. சார்ஜ் ஏறுகிற காலம்வரை எரியும். உள்ளே இருக்கும் பேட்டரி ஓய்ந்துவிட்டால் திறந்து மாற்றுவதற்குத் திருகாணி கூட இருக்காது.

நகரத்தில் இது சின்னத் தொல்லை. தெருமுனைக் கடையில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். சித்தேரியில் அப்படி இல்லை. தருமபுரி மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளையாக நிற்கிறது சித்தேரி மலை. மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் அதன் மேலே சிதறிக் கிடக்கின்றன. இவர்கள் கேரளத்தவர் அல்லர். தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் கொல்லைகளை இரவில் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க வேண்டும். ஒரு பொருள் பழுதானால் மலையிறங்கி அரூர் பக்கம் போக வேண்டும்.

இருட்டில் நடப்பவருக்கு வெளிச்சம் உயிர்க்காவல். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து மக்கள். கட்டுவிரியன் இரவில் உலவும் பாம்பு. காலடியில் விழும் ஒரு சிறு வெளிச்சம் எத்தனை பெரிய காரியம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அந்த வெளிச்சத்தை நாமே செய்துகொள்ள முடியும். மரத்துண்டு, ரம்பம், உளி, சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓர் எல்.இ.டி. இவை போதும். கடை டார்ச்சைவிட இது அதிகமாக எரியும் என்று சொல்லவில்லை. எப்போது நின்றாலும் திறந்து பார்த்து நாமே சரிசெய்யலாம். அதுதான் இதன் பெருமை.

முதல் டார்ச்சே காகிதம்தான்

டார்ச் என்றால் உலோகக் குழாய் என்று நமக்குப் பழகிவிட்டது. ஆனால் அமெரிக்காவில் டேவிட் மிசெல் என்பவர் 1899 ஜனவரி 10 அன்று காப்புரிமை பெற்ற டார்ச்சின் உடல் காகித அட்டைக் குழாய். உள்ளே வரிசையாக பேட்டரிக் கட்டைகள், முனையில் ஒரு பல்பு, அதன் பின்னால் பித்தளைக் கிண்ணம். அவ்வளவுதான். உலோக உடல் பிறகு வந்தது.

மரத்தில் மின்கருவி செய்வதும் புதுமை அல்ல. இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில் கண்டாங்கன் என்ற சிற்றூரில் சிங்கி கார்த்தோனோ என்ற வடிவமைப்பாளர், ஊர் மக்களின் கைகளைக் கொண்டே மர ரேடியோக்களைச் செய்து உலகெங்கும் அனுப்புகிறார். மலைப்பாங்கான ஊர், விவசாயக் குடும்பங்கள், கையில் மரவேலை. நம் ஊருக்கும் அது தூரமில்லை.

டார்ச் எப்படி எரிகிறது?

பேட்டரிக் கட்டையின் ஒரு முனை நேர்முனை, மறுமுனை எதிர்முனை. மின்சாரம் நேர்முனையில் கிளம்பி, விளக்கு வழியாகப் போய், எதிர்முனைக்குத் திரும்ப வேண்டும். இந்த வட்டம் எங்கே அறுந்தாலும் விளக்கு எரியாது. சுவிட்ச் என்பது அந்த வட்டத்தை நாம் வேண்டும்போது சேர்த்து, வேண்டாதபோது பிரிக்கும் இடம்.

தகர டார்ச்சில் திரும்பி வரும் பாதை அந்தத் தகரக் குழாயேதான். துரு பிடித்தால் பாதை கெடும். காய்ந்த மரத்தில் இவ்வளவு குறைந்த மின்சாரம் பாயாது. ஆகவே திரும்பும் பாதைக்கு நாம் ஒரு கம்பி போட வேண்டும். இது ஒரு வேலை கூடுதல்தான். ஆனால் துருவால் வரும் தொல்லை பாதி குறைந்துவிடும்.

கட்டை ஏன் கசிகிறது என்பதையும் அறிந்துகொள்ளலாம். சாதாரண துத்தநாகக் கட்டையின் மேலுறையே அதன் எதிர்முனை. மின்சாரம் தரத் தர அந்தத் துத்தநாகம் கரைந்து மெலிகிறது. கடைசியில் ஓட்டை விழுந்து உள்ளிருக்கும் உப்புக் கரைசல் வெளியே வருகிறது. தீர்ந்த கட்டையை உள்ளேயே விட்டுவைப்பதுதான் டார்ச்சைக் கொல்கிறது.

விளக்குக்குக் குண்டு பல்பு வேண்டாம். 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் என்று பொறித்த பழைய பல்பு 300 மில்லி ஆம்பியர் குடிக்கும். 5 மி.மீ. வெள்ளை எல்.இ.டி. 20 மில்லி ஆம்பியரில் எரியும். பதினைந்தில் ஒரு பங்கு. வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது நீல எல்.இ.டி.; மேலே பூசிய மஞ்சள் பொடி அதை வெள்ளை ஆக்குகிறது. அந்த நீல ஒளியைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

சின்னக் கணக்கு ஒன்று

வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3.1 வோல்ட் வேண்டும். பென்சில் பேட்டரி ஒன்று 1.5 வோல்ட். இரண்டு போட்டால் 3 வோல்ட். மங்கலாக எரிந்து சீக்கிரம் ஓயும். மூன்று போட்டால் 4.5 வோல்ட், அப்படியே கொடுத்தால் எல்.இ.டி. கருகிவிடும். மிச்சமாகும் 1.4 வோல்ட்டைத் தாங்க ஒரு ரெசிஸ்டர் வேண்டும். 1.4 வோல்ட்டை 0.02 ஆம்பியரால் வகுத்தால் 70 ஓம். கடையில் கிடைக்கும் நெருங்கிய அளவு 68 ஓம். அதன் மேல் நீலம், சாம்பல், கருப்பு என்று கோடுகள் இருக்கும். கால் வாட் ரெசிஸ்டர் தாராளம்.

600 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள சாதாரணக் கட்டை என்றால், 600-ஐ 20-ஆல் வகுக்க 30 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் பயன்படுத்தினால் ஒரு மாதம். அதிக வெளிச்சம் வேண்டுமானால் மூன்று எல்.இ.டி. போடலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரெசிஸ்டர் வைக்க வேண்டும். கட்டை மூன்று மடங்கு வேகமாகத் தீரும்.

மரம் எது?

நன்றாகக் காய்ந்த, ரேகை நேராக ஓடும், முடிச்சில்லாத துண்டு வேண்டும். பூவரசு, வேம்பு, தேக்கு மூன்றும் ஏற்றவை. சன்னபட்டணத்துப் பொம்மைகள் செய்யும் வெட்பாலை இன்னும் மென்மை. உளி சொன்னபடி கேட்கும். பச்சை மரம் வேண்டாம். காயும்போது முறுகி, இரண்டு பாதியும் பொருந்தாமல் போகும்.

இதற்காகக் காட்டில் கை வைக்க வேண்டாம். காப்புக்காட்டில் மரம் வெட்டுவது குற்றம். மரத்தின் பெயரால் என்னவெல்லாம் நடக்கும் என்பது இந்த மலையடிவாரத்துக்குத் தெரியும். சந்தன மரம் பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தி கிராமத்துக்குள் அரசுத் துறையினர் புகுந்து செய்த கொடுமைக்கு, 2011-இல்தான் தருமபுரி நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நமக்கு வேண்டியது ஒரு முழ நீளத்துக்கும் குறைவான துண்டு. மரப்பட்டறையில் விழும் கழிவு, உடைந்த கட்டிலின் கால், பழைய கதவுச் சட்டம் எதுவானாலும் போதும். பழைய மரம் பல ஆண்டுகள் காய்ந்தது என்பதால் புதியதைவிட நல்லது.

வேண்டியவை

ரம்பம், 12 மி.மீ. நேர் உளி, கொட்டாப்புளி, இழைப்புளி அல்லது அரம், கைத்துளைக் கருவி, கூரான கத்தி, மூலைமட்டம், அளவுகோல், உப்புத்தாள். மின்பொருள்களில் வெள்ளை எல்.இ.டி. ஒன்று, 68 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, பித்தளைத் தகடு கொஞ்சம், 12 மி.மீ. நீளப் பித்தளைத் திருகாணி இரண்டு, மெல்லிய செம்புக் கம்பி, பழைய டார்ச்சின் ஸ்பிரிங் ஒன்று. ஸ்பிரிங் இல்லாவிட்டால் எழுதித் தீர்ந்த பேனாவுக்குள் ஒன்று இருக்கும். கடைசியாக, சைக்கிள் டியூப் ஒரு சாண்.

இரண்டு பாதி

21 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனமுள்ள இரண்டு சட்டங்களை எடுங்கள். ஒரே மரத்துண்டை நடுவே அறுத்துக் கிடைத்த இரண்டாக இருந்தால் ரேகை ஒத்துப்போகும். உள்முகங்களை இழைத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடுக்கில் ஒளி தெரியாத அளவுக்கு ஒட்ட வேண்டும். இந்த ஒரு வேலையில் பொறுமை காட்டினால் மற்றதெல்லாம் எளிது.

குடைவதற்கு முன்பே இரண்டையும் பொருத்தும் முளைகளை வைத்துவிடுங்கள். ஒரு சட்டத்தின் இரு கோடிகளிலும் சின்ன ஆணி அடித்து, தலையைத் துண்டித்து, முனை ஒரு மி.மீ. நீட்டி நிற்கும்படி விடுங்கள். மற்றச் சட்டத்தை நேராக வைத்து அழுத்தினால் சரியான இடத்தில் புள்ளி விழும். ஆணியைப் பிடுங்கி, ஆணி இருந்த இடங்களிலும் புள்ளி விழுந்த இடங்களிலும் 4 மி.மீ. துளை போட்டு, மூங்கில் குச்சியைச் சீவி முளையாக வையுங்கள். ஒரு முளை பின்கோடியிலிருந்து 5 மி.மீ. உள்ளே வரட்டும். மற்றது முன்கோடியிலிருந்து 31 மி.மீ. உள்ளே வரட்டும். அந்த இரண்டு இடமும் குடையப்படாமல் நிற்கும் சுவர்கள்.

பின்கோடியிலிருந்து அளவு குறியுங்கள். முதல் 10 மி.மீ. பின்சுவர். அடுத்த 162 மி.மீ. கட்டைகள் படுக்கும் பள்ளம். அடுத்த 13 மி.மீ. தடுப்புச் சுவர். கடைசி 25 மி.மீ. விளக்குக்கான வாய். பென்சில் பேட்டரி ஒன்றின் நீளம் 50.5 மி.மீ., குறுக்களவு 14.5 மி.மீ. மூன்றுக்கும் 151.5 மி.மீ. மீதி 10.5 மி.மீ. ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் போகும். பள்ளத்தின் அகலம் 16 மி.மீ., ஆழம் ஒவ்வொரு பாதியிலும் 8 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை மி.மீ. தளர்வு ஏன்? மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பும். உப்புவது அகலவாக்கில்தான், நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. தளர்வு இல்லாவிட்டால் ஐப்பசியில் கட்டை சிக்கிக்கொள்ளும்.

உளி பிடிக்கும் முறை

கோடுகளைப் பென்சிலால் வரைந்து விட்டுவிடாமல் கத்தியால் கீறுங்கள். கத்தி கீறிய தடத்தில் உளியின் வாய் தானாக உட்காரும், ஓரம் பிசிறாது. பள்ளத்தின் இரு கோடிகளில் முதலில் குறுக்காக உளியை நட்டு, கொட்டாப்புளியால் தட்டி, நார் அறுபடச் செய்யுங்கள். அப்படிச் செய்யாமல் குடைந்தால் மரம் ரேகையோடு பிளந்து சுவருக்குள் ஓடிவிடும். பிறகு 8 மி.மீ. ஆழத்துக்கு நெருக்கமாகத் துளைகள் போட்டால் பாதி மரம் தூளாக வந்துவிடும். துளைக் கருவியின் அலகில் 8 மி.மீ. உயரத்தில் ஒரு துணித்துண்டு கட்டிக்கொண்டால் ஆழம் மீறாது. மிச்சத்தை உளியால் மெல்லிய சீவல்களாக எடுங்கள். உளி கனமாக இழுத்தால் மரத்தைக் குறை சொல்லாமல் கல்லில் தீட்டுங்கள்.

இரண்டு கைகளும் எப்போதும் உளியின் வாய்க்குப் பின்னால் இருக்கட்டும். சட்டத்தைத் தொடைமேல் வைத்துக் குடையவே கூடாது. பலகையில் ஆணிகளுக்கு நடுவே இறுக்கி வைத்துக் குடையுங்கள்.

முன்வாயை ஒவ்வொரு பாதியிலும் 24 மி.மீ. அகலம், 12 மி.மீ. ஆழம் குடையுங்கள். வாயின் ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே ரம்பத்தால் மெல்லிய வெட்டு ஒன்று விடுங்கள். மிட்டாய் டப்பாவின் கண்ணாடி மூடியில் வெட்டிய சதுரத் துண்டு அந்த வெட்டில் உட்கார்ந்து மழைத்துளியைத் தடுக்கும்.

மின்பாதை

எல்லா இணைப்பும் ஒரே பாதியில் இருக்கட்டும்; அதை அடி என்போம். மற்றது வெறும் மூடி. திறந்து பார்க்கும்போது கம்பி அறுபடாமல் இருக்க இது உதவும்.

அடிப்பாதியில் பெரிய பள்ளத்துக்குப் பக்கத்தில் 3 மி.மீ. அகலத்தில் ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். பின்சுவர் அருகிலிருந்து தடுப்புச் சுவரைத் தாண்டி முன்வாய் வரை அது ஓட வேண்டும். இதுதான் திரும்பும் கம்பிக்கு வழி. தடுப்புச் சுவரில் நேர்முனைப் பக்கத்துக் கம்பிக்கும் ஒரு சின்ன வெட்டு வேண்டும். இரண்டும் முளையின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்வாய்க்கு வெளியே, அடிப்பாதியின் முதுகில், 12 மி.மீ. இடைவெளியில் குறுக்காக இரண்டு பித்தளைத் திருகாணிகளை இறக்குங்கள். அங்கே மரத்தின் கனம் 8 மி.மீ.; திருகாணியின் நுனி 4 மி.மீ. உள்ளே எட்டிப் பார்க்கும். அந்த நுனிகளில் கம்பி சுற்றலாம். ஒரு திருகாணியின் தலைக்கு அடியில் சின்னப் பித்தளைத் தகட்டைக் கோத்து, அது சுழலும்படி விடுங்கள். தகட்டை நகர்த்தி இரண்டாவது திருகாணியைத் தொடவைத்தால் விளக்கு எரியும். விலக்கினால் அணையும். இதுதான் சுவிட்ச். தேய்ந்தால் வளைத்துவிட்டால் போதும்.

பாதை இப்படிப் போகும்: கட்டைகளின் மொட்டு முனை முன்பக்கம் பார்த்து, தடுப்புச் சுவரில் நிற்கும் பித்தளைத் தகட்டைத் தொடும். அங்கிருந்து கம்பி முதல் திருகாணிக்கு. சுவிட்ச் தகடு வழியாக இரண்டாவது திருகாணிக்கு. அங்கிருந்து ரெசிஸ்டர், அதிலிருந்து எல்.இ.டி.யின் நீளமான கால். குட்டைக் காலிலிருந்து கம்பி வாய்க்கால் வழியே பின்சுவரின் ஸ்பிரிங்குக்கு. எல்.இ.டி.க்கு நீளக் கால் நேர்முனை, குட்டைக் கால் எதிர்முனை. மாற்றிக் கொடுத்தால் எரியாது. 24 மி.மீ. சதுர மரச்சில்லு ஒன்றில் 5 மி.மீ. துளை போட்டு, எல்.இ.டி.யை அதில் செருகி வாய்க்குள் நிறுத்துங்கள். சால்டரிங் தெரிந்தால் இணைப்புகளில் ஈயம் வையுங்கள். தெரியாவிட்டால் கம்பியைச் சுரண்டி நான்கு சுற்று இறுக்கி முறுக்கி, டேப் ஒட்டுங்கள்.

மூடிவிட்டு, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய மூன்று ரப்பர் வளையங்களை மேலே மாட்டுங்கள். பசையும் வேண்டாம், மூடும் திருகாணியும் வேண்டாம். வளையம் இறுக்கிப் பிடிக்கும். ஈரக் கையிலும் வழுக்காது.

மெருகு

கையில் பிடிக்க இதமாக நான்கு மூலைகளையும் இழைத்து எட்டுப் பட்டையாக்குங்கள். உப்புத்தாளை ரேகையோடு தேய்த்தபின் எண்ணெய் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றை உட்கொண்டு இறுகி மரத்துக்குப் போர்வையாகும். ஆனால் அந்த எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டி வைத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள். தேன்மெழுகு கிடைத்தால் அதையே துணியில் தடவித் தேய்க்கலாம். அதில் இந்த அபாயம் இல்லை.

எரியவில்லை என்றால்

வட்டத்தை ஒரு முனையிலிருந்து தொட்டுக்கொண்டே போங்கள். கட்டைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றனவா? ஸ்பிரிங் அழுத்துகிறதா? தகடு கறுத்திருந்தால் உப்புத்தாளால் ஒரு தேய். திருகாணியில் சுற்றிய கம்பி தளர்ந்திருக்கிறதா? எல்.இ.டி.யின் கால்கள் மாறியிருக்கின்றனவா? இந்த ஐந்தில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கட்டை கசிந்திருந்தால் காய்ந்த துணியால் துடைத்து, பள்ளத்தை ஒருமுறை உளியால் மெல்லச் சுரண்டினால் புதிதுபோல் ஆகும்.

மூன்று எச்சரிக்கைகள். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த லித்தியம் பேட்டரியை இதில் போடாதீர்கள். முனைகள் தவறித் தொட்டால் தீப்பிடிக்கும். எல்.இ.டி.யை நேராகக் கண்ணுக்கு எதிரே பிடிக்காதீர்கள். தீர்ந்த கட்டையைக் கொல்லையிலோ அடுப்பிலோ போடாதீர்கள். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி, கழிவைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. ஒரு டப்பாவில் சேர்த்துவைத்து, மலையிறங்கும்போது சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பாடப்புத்தகத்தில் மின்சுற்றுப் படம் இருக்கிறது. அதை ஒரு பிள்ளை தன் கையால் குடைந்த மரத்துக்குள் ஒருமுறை அமைத்துவிட்டால், மறுபடி மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. இரண்டு சனி, ஞாயிறு போதும். செய்து முடித்த டார்ச்சை அந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். ஒரு நாள் அது எரியாமல் போகும். அப்போது அந்தப் பிள்ளை கடைக்கு ஓடாது. மூன்று ரப்பர் வளையங்களைக் கழற்றும்.